நொண்டிக்கொண்டே துப்பறிந்தேன்

போன வாரம் ஒரு நாள் காலையில் நான் ஒருவரைப் பின்தொடர்ந்து போனேன். நொண்டிக்கொண்டே.

பின்தொடரப்பட்டவர் வேறு யாருமில்லை... என் கணவர்தான். முன்னால் அவர் ஷூ போட்டுக்கொண்டு கையை வீசி நடக்கிறார். பின்னால் நான், வலது குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தை மட்டும் ஊன்றி ஊன்றிப் போகிறேன். நிற்கிற ஆட்டோ, லோடு இறக்குகிற வேன், பழத் தள்ளுவண்டி என்று எது கிடைத்தாலும் அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறேன்.

சங்கரன்கோவில் மாதிரி ஊரில், அதுவும் முப்பது வருஷம் டீச்சராக இருந்த ஊரில், ஒருத்தி ஒளிந்து ஒளிந்து நடக்க முடியுமா? "என்ன டீச்சர், நொண்டுதிய? காலுக்கு என்ன?" என்று வழியெல்லாம் விசாரணை. அப்படிக் கேட்ட ஒருவரிடம், சத்தம் போடாதீர்கள் என்று வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவ்வளவுதான், அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் யாரைப் பார்க்கிறேன் என்று அவரும் என்கூடவே எட்டிப் பார்த்தார். "அது நம்ம சாருல்லா போறாரு?" என்றார். "ஆமா, அதான் போறேன்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

எதற்கு இந்த வேலை என்கிறீர்களா? அதைச் சொல்ல வேண்டுமென்றால் குதிகாலில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். நான் ஒரு சந்தேகப் பிராணி. கேஸ் சிலிண்டர் வந்தால் ஆட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவேன். மாம்பழக் கடையில் 'இயற்கையாகப் பழுத்தது' என்று போர்டு வைத்திருந்தால் அந்தக் கடைப்பக்கமே போக மாட்டேன். இயற்கையாகப் பழுத்த பழத்துக்கு எதற்குப் போர்டு? பரீட்சை ஹாலில் ஒரு பிள்ளை ஃபேனைப் பார்த்து யோசித்தால் நான் அவள் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து பார்ப்பேன். பாதி நேரம் ஒன்றும் இருக்காது. மீதி நேரம் இருக்கும். அந்த மீதி போதாதா ஒருத்தியைக் கெடுக்க?

இப்படிப்பட்ட எனக்கு, போன சித்திரையில் ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே வராமல் போய்விட்டது. காய்கறி வாங்கப் போன இவர் வர நேரமானபோது, யாரிடமாவது நின்று அரசியல் பேசிக்கொண்டிருப்பார் என்று நினைத்துவிட்டேன். இவரோ மத்தியான வெயிலில், ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு சந்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து கிடந்தார். எவ்வளவு நேரம் கிடந்தார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த வழியாக வந்த ஒரு புண்ணியவான் தூக்கி ஆட்டோவில் போட்டதால் இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் திருநெல்வேலி, ஐசியூ, ஸ்டென்ட் எல்லாம் ஆயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது ஒன்றுதான். "மாத்திரையை நிறுத்தக்கூடாது. நடையையும் நிறுத்தக்கூடாது."

மாத்திரை சரி. நடை?

இவர் கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மழையிலும் காற்றிலும் போஸ்ட் போஸ்டாக ஏறிய மனிதர். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டி நாலு எட்டு நடக்கச் சொன்னால், "பாப்போம்" என்பார். காலையில் எழுப்பினால் "பாப்போம்." சாயங்காலம் கேட்டால் "நாளைக்குப் பாப்போம்." கடைசியில் ஒருநாள், "நீ வந்தா நானும் வாரேன்" என்றார்.

நழுவப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். விடுவேனா? "நானும் வாரேன், எந்திரிங்க" என்று கிளம்பிவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் ஒப்பந்தம். நான் நடந்தால் அவர் நடப்பார். நான் உட்கார்ந்தால் அவரும் உட்கார்ந்துவிடுவார். அவருடைய இதயம் என் காலை நம்பி இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

நாங்கள் நடக்க ஆரம்பித்தது ஆடி மாதம். அங்கேதான் வம்பு வந்தது.

எங்கள் ஊரில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் ஊரே கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆடிச்சுற்று என்று பெயர். இத்தனை சுற்று என்று நேர்ந்துகொண்டு, சின்னது பெரியது என்று பார்க்காமல் சுற்றுவார்கள். அம்பாள் ஒற்றைக் காலில் தவம் நின்றவள். அதனால் சுற்றுகிறவர்களின் கால்வலியை எல்லாம் அவளே வாங்கிக்கொள்வாள் என்பது இங்கே நம்பிக்கை. யாரும் கால்வலிக்கிறது என்று சொல்லிக்கூட நான் கேட்டதில்லை.

எனக்கு ஒரு யோசனை. நடக்கத்தானே போகிறோம்? அதைக் கோயிலைச் சுற்றியே நடந்துவிட்டால் என்ன? வாக்கிங்கும் ஆச்சு, ஆடிச்சுற்றும் ஆச்சு. இவர் நெஞ்சுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நாலு ரத வீதியையும் சுற்ற ஆரம்பித்தேன். வேண்டுதல் என்று வந்தபிறகு செருப்புப் போட முடியுமா? தெரு முனைவரை போட்டுக்கொண்டு வருவேன். கோபுரம் கண்ணில் பட்டதும் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, சிமெண்டிலும் தாரிலும் வெறுங்காலோடு விறுவிறு என்று நடப்பேன். இவர் சுகமாக ஷூ போட்டுக்கொண்டு வருவார். "எனக்கு டாக்டர் சொல்லிருக்காரு" என்பார்.

ஆடி முடிந்தது. ஊர் நிறுத்திவிட்டது. நான் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் சுற்றினால் இன்னும் கொஞ்சம் பலன் என்று ஒரு பேராசை.

புரட்டாசியில் ஒருநாள் காலை கட்டிலில் இருந்து காலைக் கீழே வைத்தேன். குதிகாலில் ஆணி அடித்தது மாதிரி சுரீர் என்றது. கீழே கண்ணாடித்துண்டு ஏதும் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம்வரை போவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அடுப்படிக்கும் கூடத்துக்குமாகக் கொஞ்ச நேரம் நடந்தபிறகு வலி குறைந்துவிட்டது. மறுநாளும் அதே கதை. உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டு எழுந்தால் மறுபடியும் சுரீர்.

நடந்தால் குறைகிற வலி... இது என்ன வலி? எனக்கே என் காலின் மேல் சந்தேகம் வந்தது.

எனக்கு மட்டுமா? "எந்திரிக்கும்போது வலிக்கும், அப்புறம் வலிக்காதாக்கும்?" என்றார் இவர், பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல். "ஏட்டி, வாக்கிங் போகச் சடவா இருந்தா நேராச் சொல்லிரு. எதுக்குக் கால இழுக்க?" பார்த்தீர்களா நியாயத்தை! யாருடைய இதயத்துக்காக யாருடைய கால்?

முதலில் நான் சந்தேகப்பட்டது வீட்டுத் தரையை. புதிதாக டைல்ஸ் போட்டதில் இருந்துதான் என்று தோன்றியது. அப்புறம் கட்டில் மெத்தையை. அப்புறம் கால்சியம் மாத்திரை, அது டூப்ளிகேட்டோ என்று. கொஞ்ச நாள் அம்பாளையே சந்தேகப்பட்டேன். கால்வலியை வாங்கிக்கொள்வாய் என்றார்களே, என்ன ஆயிற்று? அப்புறம் எனக்கே பதிலும் கிடைத்தது. ஒரே நடையை ஆரோக்கியக் கணக்கிலும் எழுதி, வேண்டுதல் கணக்கிலும் எழுதினால் அவளுக்குத் தெரியாதா? முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் நின்றவள் நான், அவள் எத்தனை யுகமாக நிற்கிறவள்!

இந்தச் சமயத்தில்தான் மும்தாஜ் வந்தாள். என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர், ஊர் கடையநல்லூர். மகன் துபாயில் இருந்து கொண்டுவந்தான் என்று ஒரு ஜோடி ஷூவை என் மடியில் வைத்தாள். "மெத்து மெத்துன்னு இருக்கும் டீச்சர். எங்க மாமியாளுக்கு இதே வலிதான். இதப் போட்டுத்தான் சரியாச்சு. இன்ஷா அல்லா உங்களுக்கும் சரியாயிரும்" என்றாள்.

அவள் போனதும் ஷூவைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இது துபாய் ஷூவா, இல்லை மதுரை ஷூவா? தையல் நன்றாகத்தான் இருந்தது. அதுவே சந்தேகமாக இருந்தது. இரண்டு நாள் போட்டேன், வலி போகவில்லை. போனில் மும்தாஜிடம், "உன் ஷூ ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

"எப்போல்லாம் போடுதிய?"

"வாக்கிங் போகும்போது."

"முழு வாக்கிங்குக்குமா?"

கொஞ்சம் யோசித்தேன். "தெரு முனைவரைக்கும்."

அந்தப் பக்கத்தில் இருந்து, "டீச்சர், நீங்க ஷூவச் சந்தேகப்பட்டது போதும்" என்று வைத்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் எலும்பு டாக்டரிடம் போனேன். சின்னப் பையன் மாதிரி இருந்தார். என்னிடம் படித்த பிள்ளைகளைவிடச் சின்னவர். காலைத் தொடுவதற்கு முன்னாலேயே கேட்க ஆரம்பித்தார். "காலைல முதல் அடி வைக்கும்போது வலிக்குமே?" "ஆமா." "நடக்க நடக்கக் குறையுமே?" "ஆமா." "ரொம்ப நேரம் உக்காந்து எந்திரிச்சா திரும்ப வருமே?"

எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறார்? கேள்வித்தாள் எங்கேயோ அவுட் ஆகியிருக்கிறது என்று இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். குதிகால் எலும்பில் ஒரு சின்ன முள் நீட்டிக்கொண்டிருந்தது. "இதான் குத்துதா?" என்றேன் பயந்துபோய். "இது நிறையப் பேருக்கு இருக்கும்மா, வலியே இல்லாதவங்களுக்கும் இருக்கும். பாதத்துக்கு அடியில குதிகால்ல இருந்து விரல்வரைக்கும் ஒரு பட்டை மாதிரி தசைநார் போகுது. நடந்து பழக்கமில்லாதவங்க திடீர்னு அதிகமா நடந்தா அது புண்ணாயிரும். ராத்திரி சுருங்கிக் கிடக்கும், காலைல முதல் அடியில இழுக்கும். அதான் அந்தச் சுரீர்" என்றார். அப்புறம், "நடக்கும்போது நல்ல ஷூ இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு டாக்டர்" என்றேன்.

பொய்யில்லை. இருந்தது. பைக்குள் இருந்தது. இதே பதிலை ஒரு பிள்ளை என்னிடம் சொல்லியிருந்தால் பையைத் திறந்து காட்டு என்றிருப்பேன். டாக்டருக்கு அனுபவம் போதாது.

"அப்ப ஏன் இப்படி..." என்று அவர் நெற்றியைச் சுருக்கினார். "சரி, ஒரு மாசம் வாக்கிங் வேண்டாம். கெண்டைக்கால இழுத்து விடற பயிற்சி இருக்கு, பிசியோதெரபியில சொல்லித்தருவாங்க. தண்ணி பாட்டில ஐஸாக்கிப் பாதத்துக்கு அடியில போட்டு உருட்டுங்க. வீட்டுக்குள்ளயும் மெத்துன்னு ஒரு செருப்புப் போட்டுக்கோங்க."

வீட்டுக்குள் செருப்பா? அடுப்படியிலா? சாமி படத்துக்கு முன்னாலா? இந்த டாக்டரின் அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஆனால் எனக்கு அந்தச் செருப்பைவிட, 'வாக்கிங் வேண்டாம்' என்றதுதான் பகீர் என்றது. நான் உட்கார்ந்தால் இவரும் உட்கார்ந்துவிடுவாரே!

வெளியே வந்ததும் இவர் சொன்னார். "நீ ரெஸ்ட் எடு கோமு. நான் தனியாப் போயிட்டு வாரேன்."

சொன்னாரா? சொன்னார். நானாகக் கேட்காமல், கெஞ்சாமல், முனகாமல். அத்தனை மாதமாகப் 'பாப்போம்' சொன்ன மனிதர்.

உங்களுக்குச் சந்தேகம் வருமா வராதா?

மறுநாளில் இருந்து டாண் என்று எழுந்தார். ஷூவை மாட்டிக்கொண்டு போனார், சொன்ன நேரத்துக்கு வந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து ஐஸ் பாட்டிலைக் காலுக்கடியில் உருட்டிக்கொண்டே அவரை அளந்தேன். ஐப்பசி மழையில் ரத வீதியெல்லாம் சகதி, இவர் ஷூவோ கழுவி வைத்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து, "சாரை இப்போ கோயில் பக்கமே காங்கலியே, உடம்புக்கு என்ன?" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

"எங்கன நடக்கிய?" என்று கேட்டேன்.

"எங்கனயோ நடக்கேன். நடந்தாச் சரிதானே?"

பதில் சரியில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடை! காலையில் முதல் ஈடு உளுந்தவடை போடுகிற நேரமும் இவர் போகிற நேரமும் ஒன்று. ஸ்டென்ட் வைப்பதற்கு முன்னால் இவருடைய காலை நேரம் அங்கேதான் கழியும். வந்ததும் பக்கத்தில் போய், சட்டைக் காலரைச் சரிசெய்கிற மாதிரி மோப்பம் பிடித்தேன். எண்ணெய் வாசனை இல்லை. லேசாக ஃபினாயில் வாசனை வந்தது. எந்த டீக்கடையில் ஃபினாயில் ஊற்றிக் கழுவுகிறார்கள்?

சிரிக்காதீர்கள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. நான் பயந்தது வடைக்காக இல்லை. இந்த மனிதர் நடக்காமல் எங்கேயோ உட்கார்ந்துவிட்டு வந்து, நடந்ததாக என்னை ஏமாற்றி, அந்தச் சித்திரை மத்தியானம் மாதிரி இன்னொரு மத்தியானம் வந்துவிட்டால்? என் குதிகால் ஒரு மாதம் படுத்ததற்கு இவர் நெஞ்சா பதில் சொல்ல வேண்டும்? அந்த நினைப்பு வந்த பிறகு ஐஸ் பாட்டிலை உருட்ட முடியவில்லை. தூக்கம் போயிற்று. என் காலைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதனால்தான் போன வாரம் அந்தத் துப்பறியும் வேலை.

அவர் வெளியே போனதும் எழுந்தேன். முதல் அடியில் உயிர் போயிற்று. மும்தாஜ் கொடுத்த ஷூவைச் சேலைக்குக் கீழே மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெரு முனையில் டீக்கடை. வடைச்சட்டி புகைந்துகொண்டிருந்தது. இவர் நின்றாரா? நிற்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கையும் களவுமாகப் பிடிக்கிற சுகம் போயிற்றே.

கோயில் பக்கம் திரும்புவார் என்று பார்த்தேன். அங்கேயும் திரும்பவில்லை. நேரே மெயின் ரோட்டுக்குப் போனார். கொஞ்ச தூரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருக்கிறது, அதன் வாசலில் போய் நின்றார்.

நான் ஒரு வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஆஸ்பத்திரியில் இவருக்கு என்ன வேலை? எனக்குத் தெரியாமல் மறுபடி வலி வந்திருக்கிறதா? எனக்குத் தெரியாமல் யாரையோ பார்த்து, எனக்குத் தெரியாமல் மருந்து எடுக்கிறாரா? அதுவரை சந்தேகப்பட்டதெல்லாம் ஒரு சந்தேகமா? வடை தின்றிருக்கக் கூடாதா என்று வேண்டாத சாமி இல்லை.

இவர் உள்ளே போகவில்லை. கேட்டில் இருந்து நடக்க ஆரம்பித்தார். ஆம்புலன்ஸ் நிற்கிற இடம்வரை போனார், திரும்பினார். கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் மெடிக்கல் ஷாப்வரை வந்தார், திரும்பினார். மறுபடி ஆம்புலன்ஸ். மறுபடி மெடிக்கல் ஷாப். ஆயா ஒருத்தி வாசல் படியை ஃபினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். "சார், கொஞ்சம் ஓரமாப் போங்க" என்றாள், தினமும் சொல்கிற பழக்கத்தில். இவரும் பழக்கமாக ஓரமாகப் போனார். கையை வீசி, முதுகை நிமிர்த்தி, ஒழுங்காகத்தான் நடந்தார். அந்தக் கொஞ்ச இடத்துக்குள்ளேயே நடந்தார்.

"ஏம்மா, யாரு நீங்க? ரொம்ப நேரமா அந்த வேனுக்குப் பின்னாடி நிக்கிய?"

திடுக்கிட்டுத் திரும்பினேன். ஆஸ்பத்திரி செக்யூரிட்டி. என்னையே சந்தேகப்படுகிறார்!

"அந்த சாரோட வீட்டுக்காரி" என்றேன்.

"அப்பாடா, நல்ல வேளை வந்திய" என்றார் அவர். "அந்த சார் தினமும் வாராரும்மா. உள்ள யாரும் அட்மிட்டு இல்ல, டாக்டரையும் பாக்கல. இங்கனயே சுத்துதாரு. கேட்டா வாக்கிங்குங்காரு. ஊர்ல வேற ரோடா இல்ல? எனக்கு ஒரே சந்தேகமா இருந்துச்சு."

சத்தம் கேட்டு இவர் திரும்பிப் பார்த்தார். நான் ஒளியவில்லை. நொண்டிக்கொண்டே பக்கத்தில் போனேன்.

"நெஞ்சு வலிக்கா?" என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"சே, அதெல்லாம் இல்ல. நீ எதுக்கு இந்தக் காலோட வந்த?"

"பிறவு இங்கன என்ன செய்யுதிய?"

ஆயா கழுவிவிட்ட தண்ணீர் எங்கள் காலுக்கிடையில் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு விழுந்தேன்லா கோமு... அந்தச் சந்துல. கூப்பிடணும்னு நினைக்கேன், சத்தம் வரல. யாராவது வருவாங்களான்னு ரோட்டையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன். இப்போ தனியா நடந்தா, கொஞ்ச தூரத்துலயே அது ஞாபகம் வந்துருது. கால் நகர மாட்டேங்கு." செக்யூரிட்டி கேட்டுவிடப் போகிறாரே என்று குரலைத் தாழ்த்தினார். "இங்கன விழுந்தா உடனே உள்ள தூக்கிட்டுப் போயிருவாங்கல்லா. அதான்."

மழைக்காலத்தில் நடுராத்திரி போன் வந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு போஸ்ட் ஏறப் போன மனிதர். அவர் வாயில் பயம் என்ற பேச்சை நான் கேட்டதே இல்லை. 'நீ வந்தா நானும் வாரேன்' என்றது நழுவுவதற்காகச் சொன்னது இல்லை என்பது, ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா? நீ இந்தக் காலத் தூக்கிட்டுக் கூடவே கிளம்பிருவ. ஏற்கெனவே எனக்காவத்தான வெறுங்காலோட சுத்திக் காலக் கெடுத்துக்கிட்ட."

"அது உங்களுக்குத் தெரியுமா?"

"பையத் தூக்கிட்டு என் பக்கத்துலதான நடந்த? எனக்குக் கண்ணு இல்லையா? டாக்டர் உங்கிட்டக் கேக்கக் கேக்க எங்க பாக்கதுன்னு தெரியாமத்தான் ஃபேனப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எதற்கு முதலில் இடம் கொடுப்பது என்று தெரியாமல் அந்தக் கேட் ஓரத்துத் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். செக்யூரிட்டி பாவம், யாருக்கோ சீரியஸ் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு கோளாறு உண்டு. எதிரில் இருப்பவரிடம் திருட்டைத்தான் தேடுவோம். பயத்தைத் தேட மாட்டோம். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து பார்த்த எனக்கு, அந்தப் பிள்ளை எந்தப் பயத்தில் ஃபேனைப் பார்த்தாள் என்று கேட்கத் தோன்றியதில்லை.

சாயங்காலமே எலும்பு டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஆடிச்சுற்று, பை, தெரு முனை எல்லாவற்றையும். "இத முதல்லயே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் வயதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இனி வெறுங்கால் கூடாது, மெதுவாக, கொஞ்ச தூரம், ஷூவோடு மட்டும் நடக்கலாம் என்றார். கெண்டைக்கால் பயிற்சியை விடவே கூடாது என்றார். அம்பாளிடமும் போனில் பேசுகிற மாதிரி வீட்டில் இருந்தே சொல்லிவிட்டேன். சுற்று மீதி இருந்தால் மன்னித்துக்கொள், இனிமேல் வந்தால் உட்கார்ந்து கும்பிடுகிறேன் என்று. வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்புப் போடுகிறேன். சாமி படத்துக்கு முன்னால் மட்டும் கழற்றிவிடுகிறேன். மும்தாஜுக்குப் போன் செய்து ஷூ நல்ல ஷூ என்றேன். "இப்போ எதுக்குத் திடீர்னு நல்லதாச் சொல்லுதிய?" என்று அவள் சந்தேகப்பட்டாள்.

குதிகால் சரியாகிவிட்டதா? இல்லை. காலையில் முதல் அடி இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. முன்னளவு இல்லை. ஆறு மாதம்கூட ஆகலாம் என்றார்கள், ஆகட்டும்.

நேற்றுக் காலை இரண்டு பேரும் மெதுவாகக் கிளம்பினோம். ஆஸ்பத்திரி வாசல் வந்தது. ஆம்புலன்ஸ் நிற்கிற இடம் வந்ததும், பழக்கத்தில் இவர் திரும்பப் போனார். "இன்னும் கொஞ்சம் போவோம்" என்றேன். வந்தார். கொஞ்ச தூரத்தில் ரோடு வளைகிறது. அந்த வளைவைத் தாண்டிவிட்டால் ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியாது. வளைவில் ஒரு தடவை நின்று, திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், இந்த ஊர் ரோட்டில், பட்டப்பகலில் இவர் என் கையைப் பிடித்ததே கிடையாது. அவர் பயத்துக்குப் பிடித்தாரா, என் கால்வலிக்குப் பிடித்தாரா?

வாழ்க்கையில் முதல்முறையாக, நான் விசாரிக்கவில்லை.